கடல் கடந்த இல்லறம்: அமெரிக்க ஆசியத் தம்பதியர் வரலாறு

தலைமகன் தலைமகளைப் பிரிந்து செல்லுதற்குரிய காரணங்களை வகுத்துரைத்த தொல்காப்பியர், ஓதலை அவற்றுள் முதலாவதாக வைத்தார். கல்விக்காகக் கணவன் இல்லம் விட்டுச் செல்லலாம். மனைவி இல்லிருந்து ஆற்றியிருத்தல் வேண்டும். கடல்வழிச் செலவு மகளிரொடு இல்லை என்பது போன்ற ஒரு விதியையும் அவர் கூறினார். அவ்விதிக்கு உரையாசிரியர்கள் பலவாறு பொருள் கண்டனர். இது பண்டை அகப்பொருள் இலக்கணம். ஆயினும் கல்வி, குடும்பக் கடமை, ஆண் பெண் என்னும் இருவர்க்கும் உரிய பங்கு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பன என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்றாகும்.

இம்மூன்றும் பின்னிய சிக்கலை, இலக்கண நூலில் அன்றி ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் காண விரும்புவோர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றைப் பார்த்தல் வேண்டும். சீனர், ஜப்பானியர், பிலிப்பினோக்கள், இந்தியர் எனப் பல ஆசிய மக்கள் அங்குக் குடியேறத் தொடங்கி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அவர்தம் வழிவந்த இளந்தம்பதியரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே பாட்டைப் பாடுவர். ஒரு பக்கம் ஆசியாவின் பழம் பண்பாடு. மறுபக்கம் அமெரிக்காவின் புதுச் சுதந்திரம். இரண்டுக்கும் இடையில் தத்தளிக்கும் இளைஞர். இப்படிச் சொல்வது எளிது. ஆனால் வரலாறு வேறொன்றைக் காட்டுகின்றது. கணவன் மனைவி இருவருள் எவரை முதலில் உள்ளே விடுவது, எவரை வேலை செய்ய விடுவது, எவரைப் படிக்க விடுவது என்பதைக் குடிநுழைவுச் சட்டம் முடிவு செய்தது. அவ்வாறு முடிவானபடியே பெரும்பாலும் வீட்டின் உள்ளே கடமையும் பங்கும் அமைந்தன. இதனைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘ஆசிய அமெரிக்கர்’ என்ற பெயரே மிகப் பிந்தியது. 1968ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்கிலி நகரில் யூஜி இச்சியோக்கா, எம்மா ஜீ என்னும் இருவர் ஒரு மாணவர் அமைப்பைத் தோற்றுவித்தபோது அதற்கு இட்ட பெயரிலிருந்தே இச்சொல் பரவிற்று. அவ்விருவரும் வாழ்க்கைத் துணைவர்கள். பின்னாளில் எம்மா ஜீ முதல் தலைமுறை ஜப்பானியப் பெண்களின் வரலாற்றை எழுதினார். இச்சியோக்கா முதல் தலைமுறை ஜப்பானியர் வரலாற்றை 1988இல் நூலாக வெளியிட்டார். கணவனும் மனைவியும் ஒரே துறையில் தோளொடு தோள் நின்று உழைத்ததற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. இத்தகைய நிலை வருவதற்கு முன் கடந்து வந்த பாதை நெடியது.

கடலால் பிரிந்த குடும்பம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தங்கம் தேடியும், பின்னர் இருப்புப்பாதை அமைக்கவும் தென்சீனத்தின் குவாங்டுங் மாநிலத்திலிருந்து ஆடவர் பல்லாயிரவர் கலிபோர்னியா சென்றனர். தொடக்கத்தில் மனைவியரை ஊரில் விட்டுச் சென்றது குடும்ப வழக்கமே. மாமன் மாமியைப் பேணுவதும் முன்னோர் வழிபாடு குன்றாமல் காப்பதும் மருமகளின் கடன் எனக் கருதப்பட்டன. ஆனால் வழக்கம் நாளடைவில் மாறக்கூடியது. சட்டம் அதனை மாற விடவில்லை.

1875இல் இயற்றப்பட்ட பேஜ் சட்டம், தீயொழுக்கத்திற்காகக் கொண்டு வரப்படும் பெண்களைத் தடுப்பதாகச் சொல்லிற்று. நடைமுறையில் சீனப் பெண்கள் எல்லாரையுமே ஐயத்தோடு விசாரித்துத் திருப்பியனுப்ப அது பயன்பட்டது. 1882இல் சீனர் விலக்குச் சட்டம் வந்தது. தொழிலாளர் வரக்கூடாது, வணிகர், மாணவர், ஆசிரியர் ஆகியோர் வரலாம் என்றது அச்சட்டம். தொழிலாளியின் மனைவியும் தொழிலாளியாகவே கருதப்பட்டுத் தடுக்கப்பட்டாள். இதன் விளைவை 1890ஆம் ஆண்டின் குடிமதிப்பில் காணலாம். அமெரிக்காவில் இருந்த சீனருள் பெண் ஒருத்திக்கு ஆடவர் ஏறத்தாழ 27 பேர் இருந்தனர்.

இந்நிலையை ஆராய்ந்த சமூகவியல் அறிஞர் ஈவ்லின் நாகானோ கிளென் 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். சீன அமெரிக்கக் குடும்பங்கள் காலந்தோறும் மூன்று வடிவம் கொண்டன என்பது அவர் முடிவு. முதலாவது, கணவன் ஒரு கரையிலும் மனைவி மறுகரையிலுமாகப் பிளவுண்ட குடும்பம். இரண்டாவது, வெளுப்புக் கடை, உணவுக் கடை போன்ற சிறுதொழிலில் தாய், தந்தை, மக்கள் அனைவரும் சேர்ந்து உழைத்த குடும்பம். மூன்றாவது, 1965க்குப் பின் கணவனும் மனைவியும் தனித்தனியே கூலிக்கு வேலை பார்க்கும் குடும்பம். மூன்று வடிவங்களும் ஒரே மக்களுடையவை. பண்பாடு ஒன்றே என்றால் வடிவம் ஏன் மூன்றாயிற்று? வாயிலின் அகலம் மாறியபோதெல்லாம் வீட்டின் அமைப்பும் மாறிற்று என்பதே விடை.

அந்த இருண்ட காலத்திலும் ஒரு தம்பதியர் தனித்து நின்றனர். சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த ஜோசப் டேப், மேரி டேப் ஆகிய இருவரும் சீனத்தில் பிறந்து, சிறுவராக அமெரிக்கா வந்து, 1875இல் மணந்தவர்கள். மேரி ஓவியமும் நிழற்படக் கலையும் கற்றவர். 1884இல் தங்கள் எட்டு வயது மகள் மேமியை அருகிலிருந்த பொதுப் பள்ளியில் சேர்க்கச் சென்றனர். சீனப் பிள்ளை என்பதால் பள்ளி மறுத்தது. பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1885இல் கலிபோர்னியா உச்சநீதி மன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்புக் கூறிற்று. உடனே கல்விக் குழுவினர் சீனர்க்கெனத் தனிப்பள்ளி ஒன்றைத் திறந்து தீர்ப்பின் பயனைக் குலைத்தனர். அப்போது கல்விக் குழுவிற்குச் சினத்தோடு கடிதம் எழுதியவர் தந்தை அல்லர், தாயே. அக்கடிதம் நாளிதழில் வெளிவந்தது. ஆண்மகனே வெளியுலகில் பேசவேண்டும் என்ற வழக்கு அன்று அமெரிக்கர்க்கும் உண்டு, சீனர்க்கும் உண்டு. மகளின் கல்வி என்று வந்தபோது மேரி டேப் அவ்வழக்கைப் பொருட்படுத்தவில்லை. கணவன் மனைவி இருவரும் அங்கேயே இருந்ததால்தான் இவ்வழக்கே எழுந்தது என்பதை நாம் மறத்தலாகாது. பிளவுண்ட குடும்பத்தில் பள்ளிக்கு அனுப்ப மகளும் இல்லை; போராடத் தாயும் இல்லை.

படத்தில் கண்ட கணவன்

ஜப்பானியர்க்கு வாயில் வேறுவிதமாக அமைந்தது. 1907, 1908ஆம் ஆண்டுகளில் இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஜப்பானியத் தொழிலாளர் புதிதாக வருவது நின்றது. ஆனால் முன்பே குடியேறியவரின் மனைவியும் மக்களும் வரலாம் என்ற வழி எஞ்சியது. ஊருக்குச் சென்று மணமுடித்துத் திரும்பப் பணம் இல்லாதோர் தம் நிழற்படத்தை அனுப்பினர். குடும்பத்தார் பெண் பார்த்து, ஜப்பானியக் குடும்பப் பதிவேட்டில் மணப்பெண்ணின் பெயரைச் சேர்த்தனர். அவள் கப்பலேறிச் சென்று, கையிலிருந்த படத்தைக் கொண்டு துறைமுகத்தில் கணவனை அடையாளம் கண்டாள். இளமையில் எடுத்த படத்தை அனுப்பிய கிழவர்களும் உண்டு. 1920இல் ஜப்பானிய அரசு இத்தகைய மணப்பெண்களுக்குக் கடவுச்சீட்டு வழங்குவதை நிறுத்தும் வரை ஆயிரக்கணக்கான பெண்கள் இவ்வாறு சென்றனர்.

சீனர்க்குப் பெரிதும் கிட்டாத ஒன்று இதனால் ஜப்பானியர்க்குக் கிட்டியது. அஃது அமெரிக்க மண்ணிலே பிறந்த இரண்டாம் தலைமுறை. தாய்மார் வயலில் கணவனோடு சமமாக உழைத்தனர். மாலையில் சமையலும் துணி துவைத்தலும் அவர்க்கே உரியனவாயின. உழைப்பில் சமம், ஓய்வில் சமமின்மை என்ற அந்நிலை இன்றைய தம்பதியர்க்கும் புதிதன்று.

1913இல் கலிபோர்னியா, குடியுரிமை பெற இயலாத அயலார் நிலம் வாங்கலாகாது என்று சட்டம் செய்தது. அந்நாளில் ஜப்பானியர் குடியுரிமை பெற இயலாதவர். ஆனால் அமெரிக்காவில் பிறந்த பிள்ளை பிறப்பாலேயே குடியுரிமை உடையது. ரிவர்சைடு நகரில் உணவுக் கடை நடத்திய ஜுகிச்சி ஹராடாவும் அவர் மனைவி கென் அம்மையாரும் 1915இல் தம் மூன்று பிள்ளைகளின் பெயரில் ஒரு வீடு வாங்கினர். அரசு வழக்காடியது, 1918இல் பிள்ளைகளின் உரிமை செல்லும் என்று தீர்ப்பாயிற்று. பிள்ளைக்குப் பெற்றோர் வீடு தருவது உலக வழக்கு. இங்கே பெற்றோர்க்குப் பிள்ளைகள் வீடு தந்தனர். குடும்பக் கடமையின் திசையையே சட்டம் திருப்பிவிட்டது எனலாம்.

1942இல் போரின் காரணமாக ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய அமெரிக்கர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவருள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். ஹராடா தம்பதியர் இருவரும் முகாமிலேயே இறந்தனர். முகாம் வாழ்க்கை குடும்பத்தின் உட்கட்டை உடைத்தது. பொதுக் கூடத்தில் உணவு. ஆகவே தந்தை தலைமையில் அமர்ந்துண்ணும் வழக்கம் போயிற்று. தொழிலின் தரத்திற்கேற்ப மாதம் 12, 16, 19 டாலர் எனச் சம்பளம். மகளும் தந்தையும் ஒரே தரத்தில் வேலை செய்தால் ஒரே ஊதியம். பண்ணையும் கடையும் இழந்த தந்தைக்குத் தன் மனைவியினும் மகளினும் மிகுதியாகச் சம்பாதிக்க வழியில்லை. இதே முகாம்களிலிருந்து ஏறத்தாழ 4,000 மாணவர்களை நாட்டின் உட்பகுதிக் கல்லூரிகளுக்கு அனுப்ப, குவேக்கர் சமயத்தார் முன்னின்று 1942இல் ஒரு குழு அமைத்தனர். அவர்களுள் பெண்களும் பலர். தனியே ஒரு மகளைத் தொலைதூரக் கல்லூரிக்கு அனுப்ப முன்பு தயங்கியிருக்கக் கூடிய பெற்றோர், முள்வேலிக்குள் வைத்திருப்பதினும் அது நன்று எனத் துணிந்தனர்.

சியாட்டில் நகர ஜப்பானியரை ஆராய்ந்து 1985இல் நூல் எழுதிய மானிடவியலார் சில்வியா யனகிசாக்கோ, இரு தலைமுறையின் கருத்து வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். மூத்த மகனும் அவன் மனைவியுமே பெற்றோரைக் காக்கக் கடமைப்பட்டவர் என்பது முதல் தலைமுறையின் கொள்கை. மக்கள் எல்லார்க்கும் அக்கடமை பொது என்பது இரண்டாம் தலைமுறையின் கொள்கை. கடமையை அவர்கள் கைவிடவில்லை, பங்கிட்டுக் கொண்டனர். இந்நுண்மை நம் கவனத்திற்குரியது.

குடியுரிமை பறிபோன குடும்பம்

இந்தியர் நிலை இன்னும் கடினமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்ற பஞ்சாபிய உழவர் பெரும்பாலோர் தனித்த ஆடவர். ஊரிலிருந்து மனைவியை அழைக்க வழியில்லாத நிலையில் அவருள் நூற்றுக்கணக்கானோர் தெற்குக் கலிபோர்னியாவில் மெக்சிக்கப் பெண்களை மணந்தனர். கேரன் லியோனர்டு என்ற அறிஞர் 1992இல் இக்குடும்பங்களின் வரலாற்றை நூலாக்கினார். பிள்ளைகள் தாயின் கத்தோலிக்க சமயத்திலும் ஸ்பானிய மொழியிலும் வளர்ந்தனர். தந்தையின் குடும்பப் பெயரைத் தாங்கினர். பஞ்சாபில் கட்டுப்பாடு மிக்க உழவன், கலிபோர்னியாவில் மனைவியின் சமயத்தில் பிள்ளை வளர்வதற்கு இசைந்தான். வழக்கம் கல்லில் பொறித்த எழுத்தன்று.

1915இல் வைஷ்ணவ தாஸ் பகாய் தம் இளம் மனைவி கலா பகாயையும் மூன்று ஆண் மக்களையும் அழைத்துக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ வந்திறங்கினார். அக்காலத்தில் அமெரிக்க மண்ணில் இந்தியப் பெண்கள் மிக அரியர். கணவர் கடை வைத்தார். 1921இல் குடியுரிமையும் பெற்றார். 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர் வெள்ளையர் ஆகார், எனவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று உச்சநீதி மன்றம் கூறியது. பகாயின் குடியுரிமை பறிக்கப்பட்டது. குடியுரிமையோடு சொத்துரிமையும் போயிற்று. 1928இல் அவர் மனமுடைந்து தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

கலா அம்மையார் ஆங்கிலம் அறியாமல் வந்தவர். கைம்பெண்ணாகி அயல்நாட்டில் நின்ற அவர், ஊர் திரும்பவில்லை. இரவுப் பள்ளியில் ஆங்கிலம் கற்றார். மூன்று மக்களையும் கல்லூரிக் கல்வி பெறச் செய்தார். குடும்ப நண்பர் மகேஷ் சந்திராவை மறுமணம் செய்துகொண்டார். 1946இல் இந்தியர்க்குக் குடியுரிமை பெற வழிசெய்த சட்டம் வந்தபின், 1950இல் குடியுரிமை பெற்றார். 1983 வரை வாழ்ந்தார். முன்னொரு நாள் அக்குடும்பம் வாங்கிய வீட்டில் குடிபுக விடாமல் அண்டை வீட்டார் பூட்டிவைத்த பெர்க்கிலி நகரிலேயே, ஒரு தெருவிற்கு அவர் பெயரைச் சூட்ட 2020இல் நகரசபை முடிவு செய்தது.

பெண்ணின் குடியுரிமை கணவனைச் சார்ந்து நின்ற கொடுமையும் அக்காலத்ததே. 1922ஆம் ஆண்டின் கேபிள் சட்டப்படி, குடியுரிமைக்குத் தகுதியற்ற அயலாரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்தாள். அமெரிக்காவிலேயே பிறந்து அங்கேயே படித்த ஒரு சீனப் பெண், சீனத்திலிருந்து வந்த மாணவரை மணந்தால் பிறந்த நாட்டிலேயே அயலாள் ஆனாள். 1931இல்தான் இக்குறை நீக்கப்பட்டது. படித்த பெண் படித்த துணைவனைத் தேடும்போது, காதலோடு சட்டத்தையும் எடைபோட வேண்டியிருந்தது.

இயற்பியல் கற்ற இரு மனைவியர்

இரு தம்பதியரை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது நம் கருத்தை இன்னும் தெளிவாக்கும். இருவர் வீட்டிலும் கணவனும் மனைவியும் இயற்பியல் கற்றவர்கள்.

சியன்-சியுங் வூ 1912இல் ஷாங்காயை அடுத்த லியூஹே என்ற ஊரில் பிறந்தார். அவர் தந்தை பெண்களுக்கென ஒரு பள்ளி தொடங்கியவர். 1936இல் வூ மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். விலக்குச் சட்டம் அன்றும் நடைமுறையில் இருந்தது. மாணவர்க்கு அது விலக்களித்திருந்ததால் ஒரு பெண் தனியே, தன் பெயரில், நுழைய முடிந்தது. முதலில் மிச்சிகன் பல்கலைக்கழகம் செல்ல எண்ணியிருந்தவர், அங்கு மாணவர் மன்றத்தில் பெண்கள் முன்வாயில் வழியே நுழையலாகாது எனக் கேள்வியுற்று, பெர்க்கிலியிலேயே தங்கிவிட்டார். அங்கு லூக் யுவானைக் கண்டார். 1940இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1942இல் இருவரும் மணந்தனர். போர் நடந்ததால் இரு வீட்டுப் பெற்றோரும் திருமணத்திற்கு வர இயலவில்லை. 1947இல் மகன் பிறந்தான்.

1956இல், நாட்டை விட்டு வந்து இருபது ஆண்டு நிறைந்ததை ஒட்டிக் கணவனும் மனைவியும் ஆசியா சென்றுவரக் கப்பலில் இடம் பதிவு செய்திருந்தனர். அந்நேரம் இயற்பியலின் அடிப்படை விதி ஒன்றைச் சோதிக்கும் ஆய்வு வூவின் கையில் இருந்தது. அவர் பயணத்தைக் கைவிட்டார். யுவான் தனியே சென்றார். ஓதற்பிரிவில் இங்கே பிரிந்து சென்றவன் கணவன். ஆய்வுக்காகத் தங்கியவள் மனைவி. அவ்வாய்வு, சமச்சீர் விதி எல்லா நிகழ்வுகளுக்கும் பொருந்துவதன்று என்பதை மெய்ப்பித்தது. 1957ஆம் ஆண்டின் நோபெல் பரிசு, கருத்தை முன்வைத்த லீ, யாங் என்னும் இருவர்க்குக் கிடைத்தது. மெய்ப்பித்த வூவுக்குக் கிடைக்கவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் ஊதியம் உடன் பணிபுரிந்த ஆடவர் ஊதியத்திற்கு 1975இல்தான் சமமாக உயர்ந்தது. மகள் என்ற கடமையை அவரால் நிறைவேற்ற இயலவில்லை. தந்தை 1959இல் இறந்தார். வூ தாயகம் செல்ல முடிந்தது 1973இல். இத்தனை ஆண்டுகள் அவரைத் தடுத்தது பற்றின்மை அன்று. இரு அரசுகளுக்கு இடையே இருந்த பகைமை.

மற்றொரு தம்பதியர் நம் தமிழர். வானியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரும் லலிதா துரைசாமியும் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் மாணவராக இருந்தபோது அறிமுகமானவர்கள். லலிதா, இளங்கைம்பெண்களின் கல்விக்காக வாழ்ந்த சகோதரி சுப்புலட்சுமியின் உறவினர்; பெண்கல்வி வேரூன்றிய குடும்பம் அது. 1936இல் இருவரும் தாமே விரும்பி மணந்தனர். 1937இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எர்க்ஸ் வான்காட்சியகத்தில் சந்திரசேகர் பணியேற்றார். அக்காலக் குடிநுழைவுச் சட்டம் பல்கலைக்கழகப் பேராசிரியர்க்கும் உடன்வரும் மனைவிக்கும் விலக்களித்திருந்தது. சட்டத்தின் சொல் ‘மனைவி’ என்பதே. பேராசிரியையின் ‘கணவன்’ என்ற எண்ணம் அங்கு இல்லை. லலிதா இயற்பியல் தொழிலை விட்டு, சிற்றூர் ஒன்றில் இல்லறத்தையும் கணவரின் பணியையும் தாங்கி நின்றார். 1953இல் இருவரும் அமெரிக்கக் குடிமக்கள் ஆயினர். 1983இல் நோபெல் பரிசு பெற்ற சந்திரசேகர், தம் வாழ்க்கைக் குறிப்பில் மனைவியின் துணையையே தம் வாழ்வின் நடுநாயகமாகக் குறித்தார். லலிதா அம்மையார் நூறு வயதைக் கடந்து 2013இல் மறைந்தார்.

இவ்விரு மனைவியருள் எவர் சிறந்தவர் என்று கேட்பது அறியாமை. லலிதாவின் தேர்வு அவருடையது. அதனைக் குறைத்துரைக்க நமக்கு உரிமையில்லை. ஆயினும் வரலாற்று மாணவன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவர் மாணவியாகத் தம் பெயரில் கடல் கடந்தார். மற்றவர் மனைவியாகக் கணவர் பெயரில் கடல் கடந்தார். இருவர்க்கும் கல்வி உண்டு, அறிவு உண்டு, பெண்கல்வியைப் போற்றிய குடும்பமும் உண்டு. நுழைந்த வழி மட்டும் வேறு.

1965க்குப் பின்

1965ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம் 1968இல் முழு நடைமுறைக்கு வந்தது. நாட்டுப் பிறப்பை வைத்து ஒதுக்கிய பழைய முறை ஒழிந்தது. மருத்துவர், பொறியாளர், செவிலியர் போன்ற கற்றவர்க்கும், முன்பே குடியேறியோரின் உறவினர்க்கும் முதலிடம் கிடைத்தது. ஆகவே வந்தவருள் பட்டதாரிகள் மிகுந்தனர். ஜெனிபர் லீ, மின் சோவ் என்ற இரு சமூகவியலார் 2015இல் வெளியிட்ட நூலில், ஆசிய அமெரிக்கர் கல்வியில் முன்னிற்பதற்குப் பண்பாடு ஒன்றே காரணம் அன்று, சட்டம் கற்றவரைப் பொறுக்கியெடுத்ததே பெருங்காரணம் என்று நிறுவினர். கற்ற பெற்றோர் பிள்ளையைக் கற்பிப்பது இயல்பு அன்றோ?

இச்சட்டத்தின் வழியே கேரளத்துச் செவிலியர் பலர் அமெரிக்கா சென்றனர். பெண் முதலில் சென்றாள். பின் கணவனை அழைத்தாள். ஷீபா ஜார்ஜ் என்ற ஆய்வாளர் 2005இல் வெளியிட்ட நூல் இக்குடும்பங்களைப் பற்றியது. ஊரில் மதிப்புடன் வாழ்ந்த கணவன்மார் அங்குத் தகுதிக்குக் குறைந்த வேலையில் அமர்ந்தனர். மனைவி இரவுப் பணிக்குச் செல்ல, சமையலும் பிள்ளை வளர்ப்பும் அவர்கள் கைக்கு வந்தன. சிலர் மனமுவந்து ஏற்றனர். சிலர் மனம் கசந்தனர். வீட்டில் குறைந்த மதிப்பைத் திருச்சபைப் பொறுப்புகளில் தேடிக்கொண்டவரும் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன் லலிதா அம்மையார் சென்ற திசைக்கு நேர் எதிர்த்திசை இது. எந்தப் புரட்சி நூலும் அக்கணவர்களை அடுப்படிக்கு அழைக்கவில்லை. மனைவியின் பெயரில் வந்த அனுமதிச் சீட்டே அழைத்தது.

1990இல் தோன்றிய தொழில்நுட்ப வல்லுநர் அனுமதி முறை திசையை மீண்டும் திருப்பிற்று. அவ்வழியில் வந்த இந்தியப் பொறியாளர் பெரும்பாலோர் ஆடவர். உடன்வரும் துணைவர்க்கு எச்-4 என்னும் அனுமதி. படிக்கலாம், ஆனால் வேலை செய்யக் கூடாது. ஊரில் பொறியாளராகவும் ஆசிரியையாகவும் இருந்த பெண்கள், விமானத்திலிருந்து இறங்கியவுடன் இல்லத்தரசி ஆயினர். 2015இல் வந்த விதி, நிரந்தரக் குடியிருப்பை நோக்கி ஒரு படிநிலையைக் கடந்தவரின் துணைவர்க்கு மட்டும் வேலை செய்ய வழி திறந்தது. மாணவரின் துணைவர் பெறும் எஃப்-2 அனுமதியோ, வேலைக்கும் இடம் தராது, முழுநேரப் பட்டப்படிப்புக்கும் இடம் தராது. கணவன் ஆராய்ச்சிப் பட்டம் பெறும் ஐந்தாறு ஆண்டுகள் மனைவி முழுநேரமாகப் படிக்கவும் இயலாது. மனைவி மாணவியானால் கணவன் நிலையும் அதுவே. இவ்வீட்டில் சமையல் யார் பங்கு என்பது விவாதித்து முடிவானதா, விதியால் முடிவானதா?

பெற்றோரைப் பேணும் கடமையும் இவ்வாறே. குடியுரிமை பெற்ற மகனோ மகளோ தாய் தந்தையை எண்ணிக்கை வரம்பின்றி அழைத்துக்கொள்ள 1965ஆம் ஆண்டின் சட்டம் இடம் தந்தது. தாத்தா பாட்டி பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள, இளந்தம்பதியர் இருவரும் வேலைக்குச் செல்ல முடிந்தது. ஆனால் 1996இல் வந்த சட்டம், குடியுரிமை பெறாத முதியோர்க்கு அரசு வழங்கிய உதவித் தொகையை நிறுத்தியது. பின்னர் வந்த பெற்றோரின் முழுச் சுமையும் பிள்ளைகள் தோளில் ஏறிற்று. 2021இல் ஆசிய அமெரிக்கருள் நூற்றுக்கு 24 பேர் பல தலைமுறை கூடி வாழும் இல்லங்களில் இருந்தனர். வெள்ளையருள் நூற்றுக்கு 13 பேரே. இதனைப் பண்பாட்டின் பெருமை என்று மட்டும் சொல்லி நிறுத்துவோர், வீட்டு வாடகையையும் முதியோர்க்கு உதவியின்மையையும் குழந்தை காப்பகச் செலவையும் காணாதவர் ஆவர்.

முடிவுரை

இத்துணையும் கூறியதால் பண்பாடு ஒன்றுமில்லை என்பது நம் கருத்தாகாது. பெற்றோரைக் காத்தல் வேண்டும் என்ற எண்ணம் இல்லையேல் சட்டம் வழி திறந்தாலும் யாரும் பெற்றோரை அழையார். பிள்ளை கற்க வேண்டும் என்ற ஆசை இல்லையேல் டேப் தம்பதியர் வழக்காடியிரார். கலா பகாய் இரவுப் பள்ளி சென்றிரார். பண்பாடு விருப்பத்தைத் தருகின்றது. அவ்விருப்பத்தை நிறைவேற்றும் வேலையை இருவருள் எவர் செய்வது என்பதில்தான் சட்டம் புகுந்துவிடுகின்றது. புகுந்தபின், நாளடைவில், அதுவே வழக்கம் என்ற பெயரையும் பெற்றுவிடுகின்றது. எச்-4 அனுமதியில் பத்தாண்டு வீட்டிலிருந்த பெண்ணைப் பார்த்து, இந்தியப் பெண்கள் வேலைக்குச் செல்ல விரும்பார் என்று சொல்லும் அயலார் உண்டு. அவள் மகளும் அவ்வாறே எண்ணி வளர்தல் கூடும். விதி மறைந்து வழக்கம் எஞ்சும் இடம் இதுவே. தீங்கு நிலைபெறும் இடமும் இதுவே.

மாணவர்க்கு வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் இதிலிருந்து ஒரு முறையைக் கைக்கொள்ளலாம். ஒரு குடும்பத்தில் இது ஆண் வேலை, இது பெண் வேலை என்ற பாகுபாட்டைக் காணும்போது, இது எந்நாள் தொடங்கிற்று, அந்நாளில் என்ன சட்டம் நடந்தது, எவர் பெயரில் அனுமதிச் சீட்டு இருந்தது என்று வினவப் பழக்குதல் வேண்டும். தொடக்கம் அறியப்பட்ட வழக்கத்தை மாற்றுவது எளிது. தொடக்கம் அறியாத வழக்கமே தெய்வக் கட்டளை போல் தோன்றி மக்களை அச்சுறுத்தும். கடல் கடந்த இளந்தம்பதியர் தம் சுமையை எவ்வாறு பங்கிட்டுக் கொள்வது என்று இரவில் பேசும்போது, அச்சுமையில் பாதி தம் முன்னோர் வைத்ததன்று, ஓர் அலுவலகம் வைத்தது என்று அறிந்தாலே போதும். ஒருவரையொருவர் குறைகூறுவது பாதியாகக் குறையும்.